நான்காவது பொத்தான்

ஒண்டிப்புதூரில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், மில் தொழிலாளிகள் சேர்ந்து கட்டிய பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்பில், கீழ்த்தளத்து முதல் வீட்டில், இறந்துபோன ஒரு பெண் தினமும் மாலை நான்கு மணிக்கு அடுப்படிக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், அந்த வீட்டில் ஒரு ரிமோட் இருந்தது. அந்த வீடு என்னுடையது, அந்தப் பெண் என் மனைவி தெய்வாத்தாள், அந்த ரிமோட்டைப் பற்றித்தான் மதிப்பீடு எழுதித் தரும்படி அதை அமைத்துக் கொடுத்த கடைக்காரர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். படிவத்தில் பத்துக் கேள்விகள், கேள்விக்கு ஒரு வரி இடம். வரியில் அடங்கியதை அங்கே எழுதிவிட்டேன். அடங்காதது இது.

நான் ஆறாவது வரை படித்தவன். மற்றதெல்லாம் கழற்றிப் பார்த்துக் கற்றது. மில்லில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தேன், வீட்டுக்கு வந்தால் மிக்ஸியைக் கழற்றுவேன், ஃபேனைக் கழற்றுவேன், பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக் கழற்றுவேன். எங்கள் வீட்டில் தினத்தாளுக்கு இரண்டு வேலை, காலையில் படிக்க, மாலையில் கழற்றிய சாமான்களைப் பரப்ப. தெய்வாத்தாள் அந்தத் தாளைத் தாண்டித் தாண்டி நடந்தே பழகியிருந்தாள். அவள் போய் ஏழு வருஷம் கழித்து, ஜெர்மனியில் இருக்கும் மகன் லோகநாதன், அப்பா தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம் என்று, ஒரு ஆடி மாதத்தில் ஹோம் தியேட்டர் வாங்கி அனுப்பினான். பெரிய திரை, ஐந்து ஸ்பீக்கர், தரையில் வைக்கும் ஒரு கனத்த பெட்டி, தானாக மூடும் ஜன்னல் சீலை. அதோடு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரிமோட்.

அதை அமைக்கப் போத்தனூரிலிருந்து ஜெரால்டு வந்தார். நாற்பது வயது இருக்கும், நிதானமான ஆள், காலணியை வாசலில் ஜோடியாக நேராக வைத்துவிட்டு உள்ளே வருகிறவர். இரண்டு நாள் வேலை பார்த்தார். கடையில் வாங்கி நாமே பழக்கிக்கொள்ளும் ரிமோட் வேறு, இது வேறு என்று சொன்னார். இதன் புத்தி முழுவதும் அவருடைய லேப்டாப்பில் இருக்கும்; அவர் எழுதி ஏற்றினால்தான் பொத்தானுக்கு வேலை, அவர் வந்து மாற்றினால்தான் மாறும்.

"திறந்து பாக்கலாமுங்களா?" என்றேன்.

"திறந்தா வாரண்டி போயிரும் சார்."

"திருப்பி மூட எனக்குத் தெரியும்."

"மூடுனதையும் அது காட்டிக் குடுத்துரும் சார்" என்று சிரித்தார்.

என் வீட்டுக்குள் வந்த சாமான்களில் நான் திறக்காத முதல் சாமான் அது. முதல் பொத்தானை அழுத்தினால் சீலை மூடி, விளக்கு மங்கி, திரை எழும். இரண்டாவது பாட்டுக்கு, மூன்றாவது எல்லாவற்றையும் நிறுத்த. நான்காவதின் மேல் எழுத்து எதுவும் இல்லை. அதற்கு இன்னும் வேலை கொடுக்கவில்லை என்றார் ஜெரால்டு. பழைய டிவியைத் தூக்கிப்போட நான் சம்மதிக்காததால் அதன் ரிமோட்டையும் கேட்டு வாங்கினார். பிளாஸ்டிக் உறை போட்டு ரப்பர் பேண்டு சுற்றிய ரிமோட். எழுத்தெல்லாம் தேய்ந்துபோனதால், சத்தம் கூட்டும் பொத்தானுக்கு மட்டும் தெய்வாத்தாள் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். இரண்டு ரிமோட்டையும் முகத்தோடு முகம் வைத்து, பழையதை ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். பழையது சொல்லச் சொல்லப் புதியது கற்றுக்கொண்டது. எதையெல்லாம் கற்றுக்கொண்டது என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நான்காவது பொத்தானை அழுத்தினேன். வேலையில்லாமல் இருக்கும் எதையும் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. விளக்கு மங்கவில்லை, சீலை மூடவில்லை. பின் இடது ஸ்பீக்கரில், அதாவது அடுப்படிப் பக்கம், குக்கர் ஒரு விசில் அடித்தது. பிறகு கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டும் சத்தம், இரண்டு தட்டு, அவள் எப்போதும் இரண்டு தட்டுத்தான் தட்டுவாள். பிறகு மெட்டி தரையில் உரசும் ஓசை பின் இடதிலிருந்து பின் வலதுக்கு மெல்லப் போயிற்று, அங்கே ஜன்னல் கொக்கி விழுந்தது, "ஒரு மழை வந்தா ஆகாதா இந்த ஊருக்கு" என்று தெய்வாத்தாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எனக்கு வியப்பு எதுவும் வரவில்லை. ஸ்பீக்கர்களைச் சரியான இடத்தில்தான் மாட்டியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள் அவளுடைய அடுப்படி ரேடியோ தேதி சொன்னபோது விஷயம் தெளிவாயிற்று. எட்டு வருஷத்துக்கு முந்தைய அதே தேதி, அதே மணி. நான்கு மணிக்கு அழுத்தினால் நான்கு மணி, ஐந்துக்கு அழுத்தினால் ஐந்து; நான்குக்கு முன்னால் அழுத்தினால் ஒன்றும் கேட்காது. ஆறு மணிக்கு வாசல் கதவில் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் எல்லாம் நின்றுவிடும். அந்தச் சாவி என்னுடையது. மில்லிலிருந்து நான் வீட்டுக்குள் வந்ததும் அவளுடைய பகல் முடிந்துவிடும். முப்பத்தொரு வருஷம் நான் காலையில் போய் மாலையில் வந்தேன், இடையில் இந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, அவள் பாடுவாள் என்று தெரியாது, அரிசி புடைக்கும்போது முறத்தோடு பேசுவாள் என்று தெரியாது. இப்போது அந்தப் பகல்கள் தினம் ஒன்றாக என் கைக்கு வந்தன. அவள் போனது ஆனி மாதம். அதுவரை பத்து மாதப் பகல்கள் பாக்கி இருந்தன. ஒன்றைக்கூட விடுவதில்லை என்று முடிவு செய்தேன். கல்யாணமோ துக்கமோ, நான்கிலிருந்து ஆறு வரை நான் வீட்டை விட்டு இறங்கவில்லை.

சத்தம் சுவருக்குள் அடங்குமா. எதிர்வீட்டு வசந்தாமணி முதலில் வந்தாள். சேலைக்கு ஃபால் தைப்பவள், குடியிருப்புச் சங்கத்தின் தலைவி, தெய்வாத்தாளின் உயிர்த்தோழி, எங்கள் வீட்டு மாற்றுச் சாவி இன்னும் அவளிடம்தான் இருந்தது. வாசலில் நின்று கேட்டுவிட்டு, "அக்கா வந்துட்டாங்களா?" என்று கேட்டாள், பஸ் இறங்கி வந்தவளைப் பற்றிக் கேட்பதுபோல. "வந்துட்டா" என்றேன். போய்த் தைக்கிற சேலையை எடுத்துவந்து உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் மாடிவீட்டு ஹபீப் பாய் வந்தார், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கடுத்த நாள் ரீட்டா டீச்சர் வந்தார். ஐப்பசி பிறப்பதற்குள் பன்னிரண்டு வீடும் நாற்காலியோடு வந்தது.

வருகிறவர்களை நான் வாங்க என்று சொல்லுமுன் பின் இடது ஸ்பீக்கர் சொல்லிவிடும். தெய்வாத்தாள் ஒரு நாளைக்கு இருபது முறையாவது யாரையாவது "வாங்க, வாங்க" என்பாள். எங்கள் பக்கம் வீடேறி வருகிறவரை வாங்க என்று சொல்லாமல் விடுவது கதவை முகத்தில் சாத்துவதைவிடப் பெரியது; அந்த ஒரு சொல் விட்டுப்போனதற்காக இரண்டு தலைமுறை பேசாமலிருக்கும் பங்காளிகளை எனக்குத் தெரியும்.

சங்கம் கூடித் தீர்மானம் போட்டது: நான்கிலிருந்து ஆறு வரை தண்ணீர் மோட்டார் ஓடக் கூடாது, தெய்வாத்தாளுக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது, சொன்னால் அடுத்த வார்த்தை காதில் விழாது. கொள்ளுப் பருப்புக்கு அவள் என்ன போட்டாள் என்று பெண்கள் அம்மிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து எழுதிக்கொண்டார்கள். மொட்டைமாடிச் சாவி எட்டு வருஷமாகக் காணாமல் போயிருந்தது; ஒரு நாள் அது மீட்டர் பெட்டிக்குப் பின்னால் விழும் சத்தமும், "போச்சு, இந்தச் சனியன் எங்க உழுந்துச்சோ" என்ற அவள் குரலும் கேட்டது, ஹபீப் பாய் எழுந்து போய்க் கம்பியை விட்டுத் துழாவி எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர்களின் பழைய குரல்களும் அதில் இருந்தன. எட்டு வயது குறைந்த வசந்தாமணி, பின் வலது ஸ்பீக்கரில், ரீட்டா டீச்சரின் குழம்பு தண்ணீராக இருக்கும் என்று சொன்னபோது ரீட்டா டீச்சர் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

"அது அப்பங்க டீச்சர்" என்றாள் வசந்தாமணி.

"இப்போ கெட்டியா இருக்கா?"

"இப்பத்தான் நீங்க குடுக்கறதே இல்லீங்களே."

அப்படித்தான் அந்த மாதங்கள் போயின. என் கூடத்தில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் அவளுக்காக வந்தவர்கள், அதனால் எல்லோரும் என்னுடையவர்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பென்ஷனுக்கு உயிரோடிருக்கும் சான்று கொடுக்க வேண்டும், வாங்க கூடப் போகலாம் என்று ஹபீப் பாய் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் நின்று, கைரேகை வைத்து, உயிரோடிருப்பதாக எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினேன். அன்று மாலை தெய்வாத்தாள் மாவு அரைத்தாள். கிரைண்டர் ஒரு மணி நேரம் ஓடியது. புதன்கிழமை நான்கு மணிக்குப் பொத்தானை அழுத்தியதும், பணியாரக் கல்லில் எண்ணெய் பொரியும் சத்தமும், கம்பியால் பணியாரத்தைக் குத்தித் திருப்பும் சத்தமும் கேட்டன.

எங்கள் வீட்டில் அரைத்த மறுநாள் பணியாரம் ஊற்றுவதில்லை. மறுநாள் காலை இட்லி, ராத்திரி தோசை, அதற்கும் அடுத்த நாள், மாவு நன்றாகப் புளித்த பிறகுதான் வெங்காயம் வதக்கிப் போட்டுப் பணியாரக் கல் ஏறும். முப்பத்தொரு வருஷத்தில் அந்த வரிசை மாறியதில்லை. கூடத்தில் இருந்த இருபது பேரும் அந்த மாவை வாங்கித் தின்றவர்கள். நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வசந்தாமணி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள், ஏற்கெனவே நூல் கோத்திருந்த ஊசியில்.

ஒரு பகலை யாரோ எடுத்திருந்தார்கள். மாவை மறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை போத்தனூர் போனேன். ஜெரால்டு கடையில் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார், நான் கேட்கும் முன்பே அவர் முகத்தில் பதில் இருந்தது.

"சங்கத்துல லெட்டர் குடுத்தாங்க சார். பன்னெண்டு வீட்டுக் கையெழுத்து. செவ்வாய்க்கிழமை நீங்க வெளிய போயிருந்தப்ப எதிர்வீட்டு அக்கா சாவி போட்டுத் திறந்துவிட்டாங்க."

"ஊடு என் பேர்ல இருக்குது."

"சிஸ்டம் உங்க பையன் பேர்ல இருக்கு சார். அவர்கிட்டக் கேட்டேன். செய்யுங்கன்னார்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அழிக்கல சார். அழிக்க மனசு வரல. மூடித்தான் வெச்சிருக்கேன். மூணாவதையும் நாலாவதையும் சேர்த்து அழுத்துனா வரும். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"நீங்க கேட்டீங்களா?"

"கொஞ்சம் கேட்டேன் சார். அப்புறம் ஹெட்போனைக் கழட்டிட்டேன்."

படிவத்தில் எட்டாவது கேள்வி, ரிமோட் உங்கள் கட்டுப்பாட்டில் முழுமையாக இயங்குகிறதா என்பது. என் வீட்டு ரிமோட் என் மகனுக்குக் கட்டுப்பட்டது, பன்னிரண்டு வீட்டுக்குக் கட்டுப்பட்டது, எனக்கு மட்டும் கட்டுப்படவில்லை என்று அங்கே எழுதினேன். லோகநாதனைப் போனில் கூப்பிட்டேன். "உங்களுக்காகத்தாம்ப்பா" என்றான். போனை வைத்துவிட்டேன். எனக்காக என்று ஆரம்பிக்கும் எதையும் அதற்குமேல் கேட்கிற தெம்பு இல்லை. வந்த வேகத்தில் எதிர்வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"வசந்தாமணி, புதன்கிழமை எங்க?"

அவள் பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தாள். "வாங்ணா, உக்காருங்க."

"எங்கன்னு கேட்டேன்."

"எடுக்கலீங்ணா. மூடி வெச்சிருக்குது."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

அவள் தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்குத்தானுங்ணா அக்கா ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டாந்து எங்களுக்குக் காட்டுனாங்க."

"எனக்கு வைகாசி கடைசியிலதான் தெரியும்."

"ஆமாங்ணா."

"நடுவுல ஏழு மாசம் இருக்குது. ஏழு மாசம் என்கூட ஒரே தொட்டியில தண்ணி புடிச்சிருக்கீங்க. கார்த்திகைக்குப் பலகாரம் குடுத்தீங்க. பொங்கலுக்கு என்கூட நின்னு சிரிச்சீங்க."

"சத்தியம் வாங்கிட்டாங்ணா."

"எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும். லோகுகிட்ட போன்ல." அவள் கண்ணைத் துடைக்கவில்லை, நீர் அதுபாட்டுக்கு வடிந்தது. "அதைக் கேக்காதீங்ணா. கேக்காதீங்கன்னு சொல்ல எனக்கு யோக்கியதை கெடையாது. இருந்தாலும் சொல்றேன்."

அன்று மாலை யாரையும் உள்ளே விடவில்லை. தாழ் போட்டுவிட்டு, மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து அழுத்தினேன்.

மெட்டி ஓசை, நாற்காலி இழுபடும் ஓசை, காகிதம் பிரிபடும் ஓசை. பிறகு தெய்வாத்தாளின் குரல், கீரை விலை சொல்வதுபோல, எங்கே கட்டி, எவ்வளவு பெரிசு, டாக்டர் என்ன சொன்னார். வசந்தாமணி அழுதாள். "உடனே அண்ணங்கிட்டச் சொல்லுங்க" என்றார் ரீட்டா டீச்சர்.

"சொல்லத்தான் போறேனுங்க டீச்சர். நானே சொல்லோணும். வேற யாரும் சொல்லக் கூடாது. அவுரு எதுன்னாலும் கழட்டிப் பாக்கோணும்பாரு. நான் இந்த ஊட்ல பேப்பர்மேல பரப்பிக் கெடக்கறதுக்கு எனக்கு இஷ்டமில்லீங்க. பதனமாச் சொல்லோணும். நான் சொல்ற வரைக்கும் உங்க வாயில வரப்படாது. கையக் குடுங்க."

உள்ளங்கையில் உள்ளங்கை விழும் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று, அது கனமான கை, ஹபீப் பாயுடையது. பிறகு போன் பொத்தான்கள், நீண்ட மணி, அவள் பேச்சு, அதற்குப் பின் எங்கேயோ தூரத்திலிருந்து லோகநாதன், "சரிம்மா."

ஆளாளுக்கு அவள் கையில் அடித்துக் கொடுத்தார்கள். எல்லோரும் அவளுக்கு உண்மையாக இருந்தார்கள். எனக்கென்று அந்தக் கூடத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

நிறுத்தப் போனேன். அப்போது முன் ஸ்பீக்கரில் வாசல் சாவி திரும்பியது. மணி ஐந்துதான் ஆகியிருந்தது. அன்று மில்லில் மின்சாரம் போய் ஒரு மணி நேரம் முன்பே அனுப்பியிருந்தார்கள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. வழக்கமாக நின்றுபோகும் இடத்தில் சத்தம் நிற்கவில்லை. வந்தவர்கள் எழுந்து போனார்கள். செருப்பு கழன்றது, டிபன் கேரியர் மேசையில் உட்கார்ந்தது, டிவி உயிர் பெற்றது. செய்தி வாசிக்கிறவர் அணைகளின் நீர்மட்டம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்றாள் பின் இடதிலிருந்து.

"ம்."

மெட்டி ஓசை கூடத்தின் நடுவரைக்கும் வந்து நின்றது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுமுங்க."

"ம்."

"இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேனுங்க."

அப்போது பிளாஸ்டிக் உறை நெரிந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், என் கட்டைவிரலுக்கும் தெரியும், சிவப்புப் புள்ளி வைத்த பொத்தான். ஐந்து முறை நெரிந்தது. சிறுவாணியில் எத்தனை அடி தண்ணீர் என்று அறை அதிரச் செய்தி வாசிக்கிறவர் சொன்னார். அவள் ஏதோ சொன்னாள், அது அணைக்கு அடியில் போய்விட்டது. விளம்பரம் வந்து சத்தம் குறைந்தபோது நான் கேட்டேன், என் குரலை நானே கேட்டேன், "என்னமோ சொன்னியே?"

"ஒண்ணுமில்லீங்க. காபி ஆறுது."

மெட்டி ஓசை பின் இடதுக்குத் திரும்பிப் போயிற்று. அன்று அதற்குப் பிறகு அவள் குரல் கேட்கவில்லை.

அவர்கள் மூடி வைத்தது இதைத்தான். மறுநாளே தெய்வாத்தாள் வசந்தாமணியிடம் சொல்லியிருப்பாள், சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். அவள் சொல்லும்வரை வாயில் வரக் கூடாது என்று அடித்துக் கொடுத்தவர்கள், அவள் சொல்லாமலே விட்டதால், வாயில் வராமலே இருந்துவிட்டார்கள். அவர்களில் யாராவது ஒருவர் அந்த ஏழு மாதத்தில் ஒரு நாள், டிவியை அணைச்சுட்டு அக்கா பக்கத்துல உக்காருங்ணா என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதற்குச் சத்தியம் தடையில்லை. யாரும் சொல்லவில்லை. என் குற்றத்தை எனக்குத் தெரியாமல் பத்திரமாக வைத்துக்கொண்டு, எட்டு வருஷம் என்னைப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறார்கள். அது இரக்கம் என்று அவர்கள் சொல்வார்கள். எனக்கு அது வேறு மாதிரி இருந்தது.

மூன்று நாள் தாழ் எடுக்கவில்லை. நான்கு மணிக்கு வாசலில் நாற்காலிகள் வந்து நிற்கும் ஓசை கேட்கும், சிறிது நேரம் கழித்துத் திரும்பிப் போகும் ஓசை கேட்கும். மோட்டாரை மட்டும் அவர்கள் போடவில்லை, ஆறு மணி வரை. உள்ளே நான் தனியாக உட்கார்ந்து அவளைக் கேட்டேன். ஆனிவரை பாக்கியிருக்கும் பகல்கள் என்னுடையவை, இனி யாருக்கும் பங்கு இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பகல்களில் நான் இல்லை, அவர்கள்தான் இருந்தார்கள். வசந்தாமணி அவள் தலையைப் பிடித்துவிட்டாள், ஹபீப் பாய் மாத்திரை வாங்கி வந்தார், ரீட்டா டீச்சர் கெட்டியாகக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். ஆறு மணிக்குச் சாவி திரும்பியது.

நாலாம் நாள் மாலை அழைப்பு மணி அடித்தது. எட்டு வருஷத்துக்கு முன்பு அடித்ததா, இப்போது அடித்ததா என்று தெரியவில்லை. நான் அசையவில்லை. அந்தத் தேதி அப்போது எனக்கு மில்லில் வார விடுமுறை. எட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேதியில் நான் வீட்டில் இருந்திருக்க வேண்டும், எதையோ தாளில் பரப்பிக்கொண்டு. பின் இடதிலிருந்து தெய்வாத்தாள் சொன்னாள்.

"ஏனுங்க, வாசல்ல வந்து நிக்கறாங்க பாருங்க. கதவைத் தொறங்க."

மணி மறுபடி அடித்தது. ரிமோட்டைக் கையில் எடுத்தேன். மூன்றாவது பொத்தானை அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். அழுத்தவில்லை, கீழே வைத்துவிட்டுப் போய்த் தாழை எடுத்தேன். வசந்தாமணி நின்றாள், அவளுக்குப் பின்னால் ஹபீப் பாய், ரீட்டா டீச்சர், படிக்கட்டு வரைக்கும் நாற்காலிகள். அவர்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சொல்வதற்கு எனக்கு மனம் இல்லை, இன்றுவரை இல்லை. ஒருவரும் காலை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள்தான் சொன்னாள்.

"வாங்க, வாங்க."